குடும்ப டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசுறதும் சிகிச்சையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு குடும்ப டாக்டர். ஜுரம், இருமல், பிரஷர், சுகர், முட்டிவலின்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அடியில மனச்சோர்வோ பதட்டமோ ஓடிக்கிட்டு இருக்கறதைப் பாத்துப் பாத்து, அதுக்குன்னு பயிற்சி எடுத்துக்கிட்டு இப்ப பேச்சு சிகிச்சையும் குடுக்குறேன். இதை முதல் தடவை சொல்லும்போது வர்ற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கு. சிலர் வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து கேப்பாங்க, சிலர் கேக்காமலே போய் அப்புறம் வராமலே இருந்துடுவாங்க, அந்த ரெண்டாவது வகைக்காரங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதுறேன். கேள்விகளை அவங்க கேட்ட வார்த்தையிலயே போட்டிருக்கேன். நடுவுல வர்ற ஆட்களோட விவரங்களை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன்.

1. "பேச்சு சிகிச்சைன்னா ஆறுதல் சொல்றதுதானே? அதை என் ஃப்ரெண்டே சொல்லுவாளே?"

ஃப்ரெண்டுகிட்ட பேசுறது ரொம்ப நல்லது, அதை விட்டுடாதீங்க. ஆனா நம்ம மேல பாசம் இருக்கறவங்களுக்கு நம்ம வருத்தத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியாது, உடனே "விடுடி, எல்லாம் சரியாயிடும்"னு முடிச்சு வைப்பாங்க, இல்லன்னா அவங்க கதையை ஆரம்பிச்சுடுவாங்க. அதுல அன்பு இருக்கு, முறை இல்ல.

பேச்சு சிகிச்சையில ஒரு முறை உண்டு. என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருமா சேர்ந்து கண்டுபிடிக்கிறோம், அதுல எதை முதல்ல மாத்திப் பாக்கலாம்னு முடிவு பண்றோம், அடுத்த தடவை வர்றதுக்குள்ள செய்ய ஒரு சின்ன வேலை எழுதிக்கிறோம், வந்ததும் அது என்னாச்சுன்னு பாக்குறோம். மருந்துக்கு டோஸ் இருக்கற மாதிரி இதுக்கும் இத்தனை தடவை, இத்தனை வாரம்னு அளவு இருக்கு. ஆரோன் பெக்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் 1960கள்ல மனச்சோர்வுக்காக ஆரம்பிச்ச வழிதான் இன்னைக்கு சிபிடின்னு சொல்றது, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் ஆராய்ஞ்சு மாத்திப் பாக்குற சிகிச்சை. அதுலேர்ந்தும் அதை ஒட்டி வந்த மத்த முறைகள்லேர்ந்தும் சுருக்கமா செய்யக்கூடியதை எடுத்துத்தான் எங்களை மாதிரி குடும்ப டாக்டர்கள் பயன்படுத்துறோம்.

2. "ஜுரத்துக்கு ஊசி போடுற டாக்டருக்கு மனசைப் பத்தி என்ன தெரியும்? ஸ்பெஷலிஸ்ட்தானே பாக்கணும்?"

நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மைக்கேல் பாலிண்ட்ங்கற மனப்பகுப்பாய்வு நிபுணர் 1950கள்ல லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்ல குடும்ப டாக்டர்களை ஒரு குழுவா உக்கார வச்சு, அவங்கவங்க நோயாளிகளைப் பத்தி வாராவாரம் பேச வச்சார். பொது மருத்துவத்துல ரொம்ப அதிகமா பயன்படுற மருந்து டாக்டரேதான்னு அவர் சொன்னது எங்க துறையில ரொம்ப பிரபலம். அந்த மாதிரி குழுக்கள் இன்னைக்கும் பல நாட்டுல நடக்குது. ஜெர்மனியில குடும்ப டாக்டர்களுக்கு மனசும் உடம்பும் சேர்ந்த பிரச்சனைகளைக் கையாள 80 மணி நேரப் பயிற்சின்னே ஒண்ணு இருக்கு. ஆஸ்திரேலியாவுல 2000களோட தொடக்கத்துலேர்ந்து, தனிப் பயிற்சி முடிச்ச குடும்ப டாக்டர் பேச்சு சிகிச்சை குடுத்தா அதுக்கு அரசு காப்பீட்டுலயே பணம் உண்டு.

பலன் இருக்கான்னு கேட்டா, 1995ல ஆக்ஸ்ஃபோர்டுல மைனர்ஸ்-வாலிஸ்ங்கற மனநல டாக்டரும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. பொது மருத்துவத்துக்கு வந்த மனச்சோர்வுக்காரங்களை மூணு பிரிவா பிரிச்சு ஒரு பிரிவுக்கு பிரச்சனை தீர்க்கும் சிகிச்சைன்னு ஒரு பேச்சு முறை, ஒரு பிரிவுக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரை, ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை குடுத்தாங்க. 12 வாரத்துல பேச்சு, மாத்திரைக்கு சமமா நின்னுச்சு, டம்மியை நல்லாவே ஜெயிச்சுது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2002ல இங்கிலாந்துல குடும்ப டாக்டர்களுக்கு நாலு அரை நாள் மட்டும் சிபிடி சொல்லிக் குடுத்துட்டு அவங்க நோயாளிகளுக்கு ஏதாவது மாறுதான்னு பாத்தாங்க, மாறல. அதனால "நீங்க டாக்டர்தானே"ன்னு விட்டுடாம "இதுக்குன்னு பயிற்சி எடுத்திருக்கீங்களா"ன்னு தாராளமா கேளுங்க. கேட்டா கோவிச்சுக்குற டாக்டர்கிட்ட இந்த சிகிச்சைக்குப் போக வேண்டாம்.

3. "எனக்கு இருக்கறது வியாதியா இல்ல வெறும் கவலையா, எப்படித் தெரிஞ்சுக்கறது?"

கவலை எல்லாருக்கும் வரும், போகும். நாங்க பாக்குறது ரெண்டு விஷயம். எத்தனை நாளா இருக்கு, அது உங்க அன்றாட வாழ்க்கையில எதையெல்லாம் பிடுங்கிக்கிச்சு. ரெண்டு வாரமா கிட்டத்தட்ட தினமும் மனசு பாரமா இருக்கு, முன்ன பிடிச்சது எதுவும் பிடிக்கல, தூக்கம் போச்சு இல்ல தூக்கமே தீரல, பசி மாறிடுச்சு, ஒரு பக்கம் படிச்சா மண்டையில ஏறல, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணுதுன்னா அது வெறும் கவலை இல்ல.

பிஹெச்க்யூ-9னு ஒரு படிவம் இருக்கு, 9 கேள்வி, மொத்தம் 27 மார்க். 10ஐத் தொட்டா கவனிக்கணும், 20ஐத் தொட்டா தீவிரம். பதட்டத்துக்கு ஜிஏடி-7, அது 7 கேள்வி, 21 மார்க். படிவத்தை வச்சு மட்டும் நான் முடிவு பண்றதில்ல, ஆனா மறுபடி மறுபடி போட்டுப் பாத்தா ஏறுதா இறங்குதான்னு தெரியும், பிரஷர் பாக்குற மாதிரி. கூடவே ரத்தத்துல தைராய்டு, ஹீமோகுளோபின், தேவைப்பட்டா பி12 பாத்துடுவேன், ஏன்னா இதுல குறை இருந்தாலும் ஆள் இதே மாதிரி துவண்டு போவாங்க, அதைப் பாக்காம மணிக்கணக்கா பேசி என்ன பிரயோஜனம்.

4. "நெஞ்சு படபடன்னு அடிக்குது, செத்துடுவேன்னு தோணுது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல்ங்கறீங்க. அப்ப நான் நடிக்கிறேனா?"

இல்லவே இல்ல. படபடப்பு நிஜம், மூச்சு முட்டுறது நிஜம், பயமும் நிஜம். "ஒண்ணுமில்ல போங்க"ன்னு சொல்லி அனுப்புனது எங்க தப்பு, உங்க தப்பில்ல.

ஒரு அம்மா வந்தாங்க, ஃபைல்ல ஈசிஜி மட்டும் நாலு. இதயத்துல பிரச்சனை இல்லன்னு உறுதியா தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் சொன்னேன், வாங்க, ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் வாயால வேகமா மூச்சு விடுவோம். நானும் கூடவே விட்டேன். முக்கால் நிமிஷம் கூட ஆகல, விரல் நுனியைத் தேய்ச்சுக்கிட்டே "டாக்டர், மரத்துப் போகுது, தலை சுத்துது, இதேதான், ராத்திரி வர்றது இதேதான்"னாங்க. வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதுதான் அந்த மரத்துப் போறதும் கிறுகிறுப்பும் நெஞ்சு இறுக்கமும். அதை மாரடைப்புன்னு மனசு படிச்சதும் பயம், பயத்துல மூச்சு இன்னும் வேகம், திரும்ப அதே. இந்தச் சக்கரத்தை 1986லயே டேவிட் கிளார்க்ங்கற உளவியல் நிபுணர் தெளிவா விளக்கி வச்சிருக்கார். பேனிக் அட்டாக் பொதுவா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போய் தானா இறங்கும். இறங்கும்னு உங்க உடம்பே உங்களுக்குக் காட்டணும், நான் வாயால சொன்னா பத்தாது, அதுதான் சிகிச்சை.

இந்த மூச்சுப் பரிசோதனையை வீட்டுல தனியா செஞ்சு பாக்காதீங்க. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு இருக்கறவங்களுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் நான் செய்றதில்ல. அப்புறம், புதுசா நெஞ்சுவலி வந்தா முதல்ல ஆஸ்பத்திரி, பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான்.

5. "டாக்டர் என் முகத்தைக் கூட பாக்கறதில்ல, கூட்டம் அப்படி. அஞ்சு நிமிஷத்துல என்ன பேச முடியும்?"

முழு சிகிச்சையை அஞ்சு நிமிஷத்துல செய்ய முடியாது, யாராலயும் முடியாது. ஆனா தொடங்க முடியும். அமெரிக்காவுல குடும்ப டாக்டர்களுக்காக 1980கள்ல உருவாக்கின ஒரு சின்ன முறை இருக்கு, அஞ்சே படி: என்ன நடந்துக்கிட்டிருக்கு, அது உங்களுக்கு எப்படி இருக்கு, அதுல ரொம்ப உறுத்துறது எது, எப்படி சமாளிக்கிறீங்க, அப்புறம் டாக்டர் தன் பங்குக்கு "கஷ்டமாத்தான் இருக்கும்"னு மனசார ஒரு வார்த்தை. நிறைய பேருக்கு அந்த மூணாவது கேள்வியிலதான் கண் கலங்கும்.

நீங்க செய்யக்கூடியது என்னன்னா, தொண்டை வலின்னு சொல்லி உள்ள போய் கதவு கிட்ட வந்ததும் "இன்னொண்ணு டாக்டர்"னு ஆரம்பிக்காதீங்க. முன்கூட்டியே "எனக்கு மனசு சம்பந்தமா பேசணும், கூட்டமில்லாத நேரம் வேணும்"னு சொல்லி நேரம் கேளுங்க. நான் அதுக்குன்னு வாரத்துல ரெண்டு மதியத்தை ஒதுக்கி வச்சிருக்கேன். வாயால சொல்ல வரலன்னா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நீட்டுங்க, அப்படி நீட்டுனவங்க உண்டு.

6. "உள்ள வந்து உக்காந்தா என்னதான் நடக்கும்? சின்ன வயசுலேர்ந்து எல்லாத்தையும் சொல்லணுமா?"

வேண்டாம். நான் செய்யுற முறை பெரும்பாலும் இன்னைக்கு, இந்த வாரம்னு நிக்கும். ஒருத்தர் கதையைச் சொன்னா புரியும். ஐம்பது வயசு மனுஷர், "எது பிரச்சனைன்னு கேக்காதீங்க, எல்லாமே பிரச்சனை"ன்னு உக்காந்தார். ஒரு வெள்ளை பேப்பரைக் குடுத்து எல்லாத்தையும் எழுதுங்கன்னேன். தூக்கமில்ல, புது மேனேஜர், பொண்ணு காலேஜ் ஃபீஸ், அண்ணன்கூட எட்டு மாசமா பேச்சில்ல, கடைசியா சின்ன எழுத்துல பல்வலி. இதுல எது இந்த வாரமே கொஞ்சமாவது நகரும்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேப்பரையே பாத்துட்டு பல்வலி மேல விரல் வச்சார். நாலு மாசமா வலது பக்கம் மெல்லுறதே இல்லையாம். என் ரூம்லேர்ந்தே பல் டாக்டருக்கு போன் போட்டு நேரம் வாங்கினார். அன்னைக்கு சிகிச்சை அவ்வளவுதான்.

அடுத்த தடவை அதே பேப்பரோட வந்தார், பல்வலி பக்கத்துல ஒரு டிக். "இப்ப அண்ணன்"னார். என்னென்ன வழி இருக்கோ எல்லாத்தையும் எழுதினோம், உருப்படாத யோசனையும் சேர்த்துத்தான், அந்த நேரத்துல எதையும் வடிகட்டக் கூடாது. நேர்ல போறது, போன், அண்ணி மூலமா, பழைய போட்டோ ஒண்ணு அனுப்புறது. ஒவ்வொண்ணுலயும் என்ன நல்லது என்ன கெட்டதுன்னு பாத்து அவரே போட்டோவை எடுத்தார். அனுப்பின ரெண்டாம் நாள் ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு, "சாப்டியா". இதைக் காட்டும்போது அவர் குரல் உடைஞ்சுது. கேள்வி 2ல சொன்ன பிரச்சனை தீர்க்கும் சிகிச்சை இதுதான்: பட்டியல், ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறது, வழிகள், எடைபோடறது, செய்யறது, திரும்பிப் பாக்கறது. வழியை நான் சொல்றதில்ல. அவங்க கண்டுபிடிச்ச வழியிலதான் அவங்களுக்கு நம்பிக்கை வரும்.

7. "எனக்கு எழுந்து பல் தேய்க்கவே தெம்பில்ல, என்கிட்ட போய் வேலை குடுத்தா நான் என்ன செய்வேன்?"

மனச்சோர்வோட வேலையே அதுதான், தெம்பைப் பிடுங்கிடும். தெம்பு வந்ததும் எழுந்துக்கலாம்னு நாம காத்திருப்போம், படுத்திருக்க இருக்க தெம்பு இன்னும் குறையும். அதனால வரிசையைத் திருப்பிப் போடறோம், மனசு வர்றதுக்கு முன்னாடியே செயல். இதுக்கு செயல்தூண்டல்னு பேரு. 2016ல இங்கிலாந்துல 440 பேரை வச்சு செஞ்ச ஒரு பெரிய ஆய்வுல இது முழு சிபிடிக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சதில்லன்னு வந்துச்சு.

வேலை எவ்வளவு சின்னதுன்னா நீங்க சிரிப்பீங்க. ஜன்னலைத் திறந்து ரெண்டு நிமிஷம் நிக்கறது. செருப்பை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டு வர்றது. செஞ்சதுக்கு முன்னாடி மனசுக்கு பத்துக்கு எவ்வளவு, அப்புறம் எவ்வளவுன்னு குறிச்சுக்கணும். செய்ய முடியலன்னா அது உங்க தோல்வி இல்ல, நான் அளவைத் தப்பா குடுத்திருக்கேன்னு அர்த்தம், அடுத்த தடவை பாதியாக்குவோம்.

8. "நல்லதையே நினை, பாசிட்டிவா இருன்னு சொல்லுவீங்க, அதானே சிபிடி?"

அது இல்ல. மனசு சொல்றது சரியான்னு விசாரிக்கறதுதான் அது. "மெசேஜுக்கு பதில் போடல, என்னை ஒதுக்கிட்டா"ன்னு தோணுது, சரி, அதுக்கு என்ன ஆதாரம், வேற என்ன காரணம் இருக்கலாம், இதே நிலைமையில உங்க ஃப்ரெண்டு இருந்தா அவகிட்ட என்ன சொல்லுவீங்க. சில சமயம் விசாரிச்சா மனசு சொன்னது உண்மையாவே இருக்கும், அப்ப அதை பூசி மெழுக மாட்டோம், கேள்வி 6ல பாத்த பேப்பருக்குப் போயிடுவோம்.

9. "எத்தனை தடவை வரணும்? வாழ்நாள் பூரா வரணுமா?"

பொதுவா ஆறு தடவை, சிலருக்கு எட்டு. நான் மேல சொன்ன ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுல ஆறு சந்திப்பு, முதல் சந்திப்பு ஒரு மணி நேரம், மத்தது அரை மணி, எல்லாம் சேர்த்தே மூணரை மணி நேரம்தான். முதல்ல வாராவாரம், அப்புறம் இடைவெளி விட்டு. மூணாவது நாலாவது சந்திப்புல படிவம் போட்டுப் பாப்பேன், மார்க் அசையவே இல்லன்னா அதே வழியில இழுத்துக்கிட்டுப் போக மாட்டேன், வழியை மாத்துறதா, மாத்திரை சேர்க்கறதா, ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்புறதான்னு உங்ககூட உக்காந்து பேசுவேன்.

10. "டாக்டர் ரூமுக்குப் பதிலா நர்ஸ்கிட்ட அனுப்புறாங்க. என்னைக் கழிச்சு விடுறாங்களா?"

அப்படித் தோணறது சகஜம், ஆனா உண்மை அது இல்ல. அதே மைனர்ஸ்-வாலிஸ் குழு 2000த்துல வெளியிட்ட ஆய்வுல பயிற்சி எடுத்த நர்ஸ் செஞ்சாலும் பயிற்சி எடுத்த குடும்ப டாக்டர் செஞ்சாலும் பலன் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஜிம்பாப்வேயில டிக்ஸன் சிபாண்டாங்கற மனநல டாக்டர், கிளினிக் வாசல்ல பெஞ்சு போட்டு ஊர்ப் பாட்டிகளுக்கு இந்த பிரச்சனை தீர்க்கும் முறையைச் சொல்லிக் குடுத்தார், 2016ல வந்த ஆய்வு முடிவுல பெஞ்சுல உக்காந்தவங்களுக்கு மனச்சோர்வு நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச செய்தி இது. பட்டத்தை விட பயிற்சியும், மேல ஒருத்தர் கண்காணிக்கறதும்தான் முக்கியம்.

11. "மாத்திரை நல்லதா, பேச்சு நல்லதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில சொன்னா பொய்யாயிடும். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு முதல்ல பேச்சு போதும்னுதான் நான் நினைக்கிறேன். இங்கிலாந்துல டாக்டர்களுக்கு சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கற நைஸ்ங்கற அமைப்போட 2022 வழிகாட்டுதல்லயும், தீவிரம் குறைஞ்ச மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்புல மாத்திரையை வழக்கமா குடுக்க வேண்டாம், நோயாளியே விரும்பினா குடுக்கலாம்னுதான் இருக்கு. தீவிரமா இருந்தா ரெண்டும் சேர்ந்ததுதான் நல்லா வேலை செய்யும். அந்த மாதிரி நேரத்துல "மாத்திரை வேண்டவே வேண்டாம்"னு பிடிவாதம் பிடிக்காதீங்கன்னு கெஞ்சியே கேட்டுக்குவேன்.

மாத்திரைக்கு நேரம் கம்மியா செலவாகும், ஆனா வேலை செய்ய ரெண்டுலேர்ந்து நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம் ஆகும். பேச்சுக்கு உழைப்பு வேணும், ஆனா கத்துக்கிட்டது கையோட இருக்கும்.

12. "ஏற்கனவே மாத்திரை சாப்பிடுறேன். பேச ஆரம்பிச்சதும் நிறுத்திடலாமா?"

உங்களா நிறுத்தாதீங்க. நல்லாகி குறைஞ்சது ஆறு மாசமாவது தொடரணும், அப்புறம் படிப்படியா குறைக்கணும். திடீர்னு விட்டா தலைசுத்தல், எரிச்சல், ஷாக் அடிக்கற மாதிரி உணர்வெல்லாம் வரும், அதைப் பாத்து வியாதி திரும்பிடுச்சுன்னு பயந்துடுவீங்க.

13. "தூக்கம் மட்டும் வந்தா போதும் டாக்டர், தூக்க மாத்திரை எழுதிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

இதைக் கேக்காத வாரமே இல்ல. பழக்கப்படுத்தற வகை தூக்க மாத்திரையை ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா நாலு வாரத்துக்கு மேல குடுக்க நான் தயங்குவேன், போகப் போக அதே அளவு பத்தாது, விடவும் முடியாது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையே சிபிடிதான்னு அமெரிக்க மருத்துவர் கல்லூரிங்கற டாக்டர்கள் அமைப்பு 2016ல சொல்லிடுச்சு.

முறை கேக்க கொடுமையா இருக்கும். தூக்கம் வந்தாத்தான் படுக்கை, இருபது நிமிஷம் போலப் புரண்டும் வரலன்னா எழுந்து வேற இடத்துல போய் உக்காருங்க, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில ஒரே நேரம் எழுந்துக்கணும், பகல்ல படுக்கக் கூடாது. முதல் வாரம் என்மேல கோவமா வருவீங்க. மூணாவது வாரத்துல அந்தக் கோவம் குறைஞ்சிருக்கும். வலிப்பு, பைபோலார் (மனசு ஒரேயடியா உற்சாகத்துல ஏறி ஒரேயடியா சோர்வுல இறங்குற வியாதி) இருக்கறவங்க, வண்டி ஓட்டுறவங்க, மெஷின்ல வேலை செய்யுறவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க, அவங்களுக்கு இதை இவ்வளவு கறாரா செய்யக் கூடாது.

14. "என் வீட்டுக்காரரும் உங்ககிட்டதான் வர்றார். நான் சொன்னதை அவர்கிட்ட சொல்லிட மாட்டீங்களே?"

சொல்ல மாட்டேன். அவர் நேர்ல கேட்டாலும் "அதை அவங்ககிட்டயே கேளுங்க"ன்னுதான் பதில். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து, சட்டம் கட்டாயப்படுத்துற நிலைமை, இந்த மூணுலதான் வெளிய பேச வேண்டி வரும், அப்பவும் முடிஞ்சவரை உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்.

ஆனா இதுல ஒரு சங்கடம் உண்மையாவே இருக்கு. குடும்பத்துல எல்லாரையும் தெரிஞ்சிருக்கறது குடும்ப டாக்டரோட பலம், அதே விஷயம் பலவீனமும். உங்க பிரச்சனையே அவர்தான்னா, அவருக்கு வாராவாரம் பிரஷர் பாக்குற என்கிட்ட உங்களால முழுசா பேச முடியாம போகலாம். அப்படித் தோணினா தயங்காம சொல்லுங்க, வேற ஒருத்தர்கிட்ட அனுப்புறேன், எனக்கு அதுல வருத்தமே இல்ல. வீட்டுல அடி உதை நடந்தா ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு நான் பேச மாட்டேன், அது உங்களுக்கு ஆபத்தா முடியும்.

15. "பையன் வரவே மாட்டேங்கிறான். அவனுக்குப் பதிலா நான் வந்து பேசினா சரியாகுமா?"

அவனுக்கு சிகிச்சை ஆகாது, ஆனா நீங்க வாங்க. ரூம் கதவைத் தட்டி என்ன சொல்றது, எதைச் சொல்லக் கூடாதுங்கறதை சேர்ந்து யோசிக்கலாம். "உனக்கு மனசு சரியில்ல, டாக்டரைப் பாரு"ன்னா எந்தப் பையனும் வர மாட்டான். "தூங்காம இருக்கியே, அதுக்கு மட்டும் ஒரு தடவை காட்டிட்டு வருவோம்"னா பல பேர் வந்திருக்காங்க. குடும்ப டாக்டர்கிட்ட போறதுல இருக்கற பெரிய வசதியே இதுதான், இருமலுக்கு வந்தவங்க உக்காந்திருக்கற அதே நாற்காலிதான், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. சாகணும்ங்கற மாதிரி பேசினான்னா மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம், அடுத்த கேள்வியைப் படிச்சுட்டு உடனே கிளம்புங்க.

16. "சாகணும்னு தோணுதான்னு கேக்குறீங்களே, கேட்டா இல்லாதவங்களுக்கும் அந்த எண்ணம் வந்துடாதா?"

வராது. இதை நிறைய ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க, கேக்கறதால எண்ணம் விதைக்கப்படறதில்ல, நிறைய பேருக்கு கேட்டதே பெரிய ஆறுதலா இருக்கும். பிஹெச்க்யூ-9ல ஒன்பதாவது கேள்வியே அதுதான். அதுல பூஜ்யம் தவிர வேற எது போட்டிருந்தாலும் நான் பேனாவை வச்சுட்டு நேராவே கேப்பேன்: எண்ணம் மட்டுமா, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா, எது உங்களைப் பிடிச்சு வச்சிருக்கு.

இதைப் படிக்கிற உங்களுக்கே இப்ப அந்த எண்ணம் இருந்தா, அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்காக காத்திருக்காதீங்க. பக்கத்துல இருக்கற ஒருத்தர்கிட்ட இப்பவே சொல்லுங்க, தனியா இருக்காதீங்க, உங்க பகுதி அவசர உதவி எண்ணுக்கோ தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கோ கூப்பிடுங்க, இல்ல கிட்ட இருக்கற அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரா போங்க. வீட்டுல இருக்கறவங்க, ஆபத்தான பொருளையும் சேர்த்து வச்சிருக்கற மாத்திரையையும் கைக்கு எட்டாத இடத்துக்கு மாத்துங்க. இந்த எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கும், அந்த ஏறின நேரத்தைக் கடக்க ஆள் துணை வேணும்.

17. "எப்ப நீங்களே 'என்னால முடியாது'ன்னு சொல்லுவீங்க?"

காதுல குரல் கேக்குது, யாரோ கண்காணிக்கிறாங்கன்னு உறுதியா நம்புறாங்கன்னா. நாள்கணக்கா தூங்காமலே அசாத்திய உற்சாகத்தோட பேசிக்கிட்டு செலவு பண்ணிக்கிட்டு இருந்தா, அது பைபோலாரா இருக்கலாம், அதைத் தெரியாம மனச்சோர்வு மாத்திரை மட்டும் குடுத்தா நிலைமை தலைகீழாகலாம். சாப்பாடு தண்ணியே எடுக்காத அளவு சோர்வு, பிரசவம் ஆன சில நாள்லயே ஆள் குழம்பிப் போறது, குடியோ போதையோ விட முடியாத நிலை, உடம்பு கரையுற அளவுக்கு சாப்பாட்டைத் தவிர்க்கறது, பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் அதே காட்சி திரும்பத் திரும்ப வர்றது. இதுக்கெல்லாம் சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட்தான் சரி. அனுப்பி வச்சா கைகழுவிட்டேன்னு நினைக்காதீங்க, பிரஷரும் சுகரும் பாக்க நான் இருக்கேன், அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்.

18. "ரெண்டு தடவை பேசினேன், முன்ன விட அழுகை அதிகமாயிடுச்சு. இது எனக்கு ஒத்துக்கலையோ?"

மூடி வச்சதைத் திறந்தா முதல்ல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், அதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. ஆனா பேச்சுக்கும் பக்கவிளைவு உண்டுங்கறதை நான் மறைக்க விரும்பல. மூணு நாலு தடவை ஆகியும் ஒவ்வொரு முறையும் நொறுங்கிப் போய்த்தான் வெளிய வர்றீங்கன்னா வேகத்தைக் குறைக்கணும் இல்ல முறையை மாத்தணும். டாக்டர் உங்களை விட அதிகமா பேசுறார், அறிவுரை சொல்றார், மதம் குலம் கல்யாணம்னு தீர்ப்பு சொல்றார், போன தடவை குடுத்த வேலையைப் பத்திக் கேக்கவே இல்லன்னா அங்க நடக்கறது சிகிச்சை இல்ல, ஆளை மாத்துங்க.

19. "என் பிரச்சனை கடன். பேசினா கடன் தீருமா?"

தீராது. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கிட்ட நான் அப்படியேதான் சொன்னேன். வறுமையையும் வேலை போனதையும் கொடுமைக்கார முதலாளியையும் வியாதின்னு பேர் வச்சு உங்க தலையில கட்டுறது தப்பு. ஆனா கடன்காரன் போனுக்கு பயந்து போனையே அணைச்சு வச்சிருக்கற மனசால, எவ்வளவு பாக்கின்னு கூட கூட்டிப் பாக்க முடியறதில்ல. அவர் என் ரூம்லதான் முதல் தடவையா கவர்களையெல்லாம் பிரிச்சார், ஒன்பது கவர், ரெண்டு பேருமா தேதி வாரியா அடுக்கினோம். மொத்தம் அவர் மனசுல நினைச்சு வச்சிருந்ததை விட கம்மியா இருந்துச்சு. அப்புறம் கடன் ஆலோசனை குடுக்கறவங்ககிட்ட போனார், அது என் வேலை இல்ல, அங்க போற நிலைமைக்குக் கொண்டு வர்றதுதான் என் வேலை.

20. "சரியாயிட்டேன்னு நினைக்கிறேன். திரும்ப வருமா?"

வரலாம். மனச்சோர்வு ஒரு தடவை வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதி பேருக்கு மறுபடி வருது. அதனாலதான் கடைசி சந்திப்புல வேற எதுவும் பேசாம, ஒரு சின்ன கார்டுல ரெண்டு விஷயம் எழுத வைப்பேன்: எனக்கு திரும்ப ஆரம்பிக்குதுன்னா முதல்ல தெரியுற அறிகுறி எது, அப்ப நான் முதல்ல என்ன செய்வேன். ஒவ்வொருத்தருக்கும் அது வேற வேற. கேள்வி 6ல வந்த மனுஷரோட கார்டுல மேல இருந்தது, "போன் அடிக்கும்போது எடுக்காம பாத்துக்கிட்டே இருந்தா". கீழ அண்ணன் நம்பர்.